மும்பையில் நான்கு நாளும் நான்கு ஆண்டும்

மும்பைக்குச் செல்வோர் இரு வகையினர். திரும்பி வருவதற்கான பயணச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு செல்வோர் ஒரு வகை. பணிமாறுதல் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு செல்வோர் மறு வகை. இருவரும் ஒரே ரயிலில் வந்து இறங்கினாலும் அவர்கள் காண்பது ஒரே நகரத்தை அன்று. முதலாமவருக்கு அது கடலும் கட்டடங்களும் நிறைந்த ஊர். இரண்டாமவருக்கோ அது சதுர அடிகளாலும் நிமிடங்களாலும் ஆன ஊர். நாங்கள் முதலில் விருந்தினராகவும், பின்னர் மாறுதல் பெற்று நான்கு ஆண்டுகள் குடும்பத்தோடு குடியிருந்தவர்களாகவும் அந்நகரத்தை அறிந்தோம். “பிள்ளைக்கு மும்பையில் வேலை கிடைத்திருக்கிறது, அனுப்பலாமா? நாங்களும் உடன் போகலாமா?” என்று கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. முகப்பில் நின்றபடி இரண்டு வரிகளில் சொல்லிவிடக்கூடிய விடை அதற்கு இல்லை என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சுற்றிப் பார்க்க வருபவரிடம் மும்பை தாராளமாகவே நடந்துகொள்கிறது. நடந்தே சுற்றிவிடக்கூடிய தென்முனைப் பகுதி ஒன்றுக்குள் தன் செல்வங்களில் பெரும்பாலானவற்றை அது வைத்திருக்கிறது. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்குவோர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாடகை வண்டியைத் தேடி விரைவது வழக்கம். அப்படி விரையாமல், சாலையைக் கடந்து எதிர்ப்புறம் நின்று, அக்கட்டடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்க்க வேண்டும். விக்டோரியா முனையமாக எழுந்து, 2004-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அது, காட்சிப் பொருளாகிவிடாமல் இன்றும் நாள் முழுவதும் உழைத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று தாணேக்குப் புறப்பட்டது இதன் அருகிலிருந்த போரி பந்தரிலிருந்துதான். அன்று ஓடிய தொலைவு 34 கிலோமீட்டர். இந்நகரத்தின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கோட்டின் நீட்சியே என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

அங்கிருந்து ஓவல் மைதானத்துக்கு நடந்து சென்றுவிடலாம். மைதானத்தின் நடுவே நின்று கிழக்கே பார்த்தால் உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ராஜாபாய் மணிக்கூண்டும் 19-ஆம் நூற்றாண்டின் கோபுரங்களோடு நிற்கின்றன. மேற்கே திரும்பினால் 1930-களின் ஆர்ட் டெக்கோ பாணிக் குடியிருப்புகள் வளைந்த பால்கனிகளோடு வரிசையாக நிற்கின்றன. நடுவில் சிறுவர்கள் மட்டைப்பந்து ஆடுகின்றனர். இந்தக் கட்டடத் தொகுதிக்கும் 2018-இல் உலக மரபுத் தகுதி கிடைத்தது. நாணயங்களிலும் தாள்களிலும் ஆர்வமுள்ளவர்கள் கோட்டைப் பகுதியில் ரிசர்வ் வங்கி அமைத்துள்ள நாணய அருங்காட்சியகத்தைத் தவறவிடலாகாது. தொழில்பற்றினால் சொல்கிறோம் என்று வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. எலிஃபண்டா குகைகளுக்கு கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு உண்டு. திங்கட்கிழமை குகைகள் மூடப்பட்டிருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. மாலையில் மரைன் டிரைவ். டப்பாவாலாக்களைப் பற்றி எழுதாதவர்களே இல்லை என்பதால் நாங்கள் விட்டுவிடுகிறோம்.

நான்கு நாட்கள் இவற்றுக்குப் போதும். நான்காம் நாள் இரவு ஊர் திரும்புபவர் மும்பையைப் புகழ்ந்துகொண்டே திரும்புவார். அவருடைய புகழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் கண்ட பகுதியில் ஆட்டோ ரிக்‌ஷாவே ஓடாது என்பதை அவர் கவனித்திருக்கமாட்டார். ஆட்டோக்கள் மேற்கே பாந்த்ராவோடும் கிழக்கே சயானோடும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. அந்த எல்லைக்கு வடக்கேதான் நகரத்தின் பெரும்பகுதி மக்கள் உறங்கி எழுகின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் 1.24 கோடிப் பேர். எல்லைக்கு அப்பால் தாணே, கல்யாண், டோம்பிவிலி, வசாய், விரார் என்று விரியும் ஊர்களிலிருந்து நாள்தோறும் வந்துபோவோர் தனி.

குடியேற வருபவரின் மும்பை அங்கே, ஒரு தரகரின் பின்னால், மாடிப்படிகளில் தொடங்குகிறது. முதலில் கற்க வேண்டியது சொற்களை. ‘ஒன் ஆர்.கே.’ என்றால் ஓர் அறையும் சமையலறையும்; ‘ஒன் பி.எச்.கே.’ என்றால் கூடத்தோடு ஒரு படுக்கையறை. முற்றமும் கொல்லையும் உள்ள கும்பகோணத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, அந்தப் படுக்கையறையில் கட்டிலைப் போட்டபின் அலமாரியின் கதவு முழுவதும் திறக்காது என்பதை ஏற்றுக்கொள்ளச் சில நாட்கள் பிடிக்கும். அடுத்த சொல் ‘கார்பெட் ஏரியா’, அதாவது சுவர்களுக்கு உட்பட்டு நம் காலடியில் உண்மையாகக் கிடைக்கும் தரைப்பரப்பு. வீடு வாங்குவோருக்கு இந்த அளவையே சொல்லி விற்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம் விதித்திருக்கிறது. வாடகைக்குப் பார்ப்பவர்களும் இந்த அளவையே கேட்க வேண்டும். மாடிப்படியிலும் மின்தூக்கியிலும் பங்கு சேர்த்துச் சொல்லும் எண்களில் ஒருவரும் படுத்துறங்க முடியாது.

மூன்றாவது சொல் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’. மும்பையில் வாடகைக்குக் குடியேறுபவர் சட்டத்தின் பார்வையில் பெரும்பாலும் வாடகைதாரர் அல்லர். குறிப்பிட்ட காலத்துக்குத் தங்கிக்கொள்ள உரிமம் பெற்றவர், அவ்வளவே. வழக்கமாக இது 11 மாத ஒப்பந்தம். பதினோரு மாதம்தானே, பதிவு வேண்டியதில்லை என்று நம் ஊர் நினைப்பில் இருந்துவிடக் கூடாது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, இத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பை வீட்டு உரிமையாளர் மீது வைக்கிறது. முன்பணம் பல மாத வாடகைக்குச் சமமாக இருக்கும். தரகருக்கு ஒரு மாத வாடகை. முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கிக் கணக்கின் வழியே செலுத்துவதும், அந்தத் தொகை ஒப்பந்தத்தில் முழுமையாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் இன்றியமையாதவை. வங்கியில் இருப்பவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள் என்று சிரிப்பவர்கள், வீட்டைக் காலி செய்யும் நாளில் நினைத்துக்கொள்ளட்டும்.

இவை முடிந்தாலும் குடியிருப்புச் சங்கத்தின் இசைவு வேண்டும். மணமாகாதவர்களை ஏற்காத சங்கங்கள் உண்டு; அசைவம் உண்போரை ஏற்காதவையும் உண்டு. இந்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மனிதர்களை ஈர்த்து அவர்களுடைய உழைப்பால் வளர்ந்த நகரத்துக்கு இது அழகன்று என்பதே எங்கள் எண்ணம். ஆயினும் உண்மை நிலை அதுதான். இளைஞர்களை அனுப்பும் பெற்றோர் முதல் மாதத்துக்கு ஒரு தங்குமிடத்தை ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு வீடு தேடச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்றது.

இனி எல்லாக் குடும்பங்களும் விடை காண வேண்டிய கேள்விக்கு வருவோம்: அலுவலகத்துக்கு அருகில் சிறிய வீடா, தொலைவில் பெரிய வீடா? எங்கள் அலுவலகம் கோட்டைப் பகுதியில். அதே வாடகைக்கு டோம்பிவிலியில் இரண்டு படுக்கையறை கிடைத்தது, செம்பூரில் ஒன்றுதான். வணிகவியல் படித்தவர்கள் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுப்போம். வாசற்படியிலிருந்து அலுவலக மேசை வரை டோம்பிவிலியிலிருந்து ஒரு மணி முக்கால். செம்பூரிலிருந்து ஒரு மணி. போக வர வேறுபாடு நாளுக்கு ஒன்றரை மணி நேரம். மாதத்தில் 24 வேலை நாட்கள் என்று கொண்டால் 36 மணி. ஆண்டுக்கு 432 மணி. விழித்திருக்கும் 16 மணி நேரத்தை ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் 27 நாட்கள். ஆண்டில் ஏறத்தாழ ஒரு மாதத்தை ஓர் அறைக்கு விலையாகக் கொடுக்கிறோம் என்று கணக்கு சொன்னது. செம்பூரில் சிறிய வீட்டை எடுத்தோம். பிள்ளைகள் இரவு உண்ணும்போது பெற்றோர் இருவரும் உடன் அமர்ந்திருந்தோம்.

எங்களோடு பணியாற்றிய நண்பர் ஒருவர் அதே கணக்கைத் தெரிந்துகொண்டே டோம்பிவிலிக்குப் போனார். அவருக்கு வயதான பெற்றோர். அவர்களுக்கென்று ஓர் அறை, கீழே நடப்பதற்கு ஒரு தோட்டம், பக்கத்தில் பேசுவதற்குத் தமிழ்க் குடும்பங்கள். காலை ஏழு இருபதுக்குக் கிளம்பி இரவு எட்டே முக்காலுக்கு வீடு திரும்புவார். அவருடைய சின்ன மகள் விழித்திருக்கும் அப்பாவை நிதானமாகப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எங்கள் வீட்டிலோ, அம்மா வந்தால் படுப்பதற்குக் கூடம்தான். தொலைக்காட்சி அணையும் வரை அவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எதையும் குறையாகச் சொல்பவர் அல்லர் அவர். மூன்று மாதம் இருந்துவிட்டு, “மழைக்கு முன்னால் போய்விடுகிறேனே” என்று கிளம்பினார். அடுத்த மூன்று ஆண்டுகளிலும் அப்படியே. நண்பருடைய ஏட்டில் பற்று எழுதப்பட்ட இடத்தில் எங்கள் ஏட்டில் வரவு; எங்களுக்குப் பற்றான இடத்தில் அவருக்கு வரவு. ஊரில் அம்மா தனியே இருந்த அந்த நான்கு ஆண்டுகளுக்கு எந்தத் தொகையை எழுதுவது என்பது எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை.

தொலைவைப் பற்றிப் பேசும்போது ரயிலைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. புறநகர் ரயிலில் முதன்முதலில் ஏறுபவர் அதை ஒரு கலவரம் என்றே நினைப்பார். ஒரு மாதம் சென்றபின் அதில் நுணுக்கமான ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். மூவருக்கான இருக்கையில் நான்காவதாக ஒருவருக்குப் பாதி இடம் தருவது அங்கே சலுகை அன்று, உரிமை; அதற்கு நான்காவது இருக்கை என்றே பெயர். நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் “எங்கே இறங்குவீர்கள்?” என்று கேட்டுவிட்டால், அந்த இடம் காலியாகும்போது அது அவருக்குரியது, வேறு எவரும் அமர்வதில்லை. எழுதப்படாத இந்த ஒப்பந்தத்துக்குப் பதிவும் இல்லை, முத்திரைத்தாளும் இல்லை. ஆயினும் மீறியவரை நாங்கள் கண்டதில்லை. மகளிர் பெட்டியில் மாலை நேரத்தில் கீரை ஆய்ந்து முடித்துவிடுவார்கள். தசராவை ஒட்டி, நாள்தோறும் பயணம் செய்யும் குழுவினர் தங்கள் பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பூசை செய்வார்கள். விரார் விரைவு வண்டியில் ஏறி நடுவில் போரிவிலியில் இறங்க நினைப்பவருக்கு மட்டும் அன்பான வரவேற்பு கிடைக்காது.

ஆனால் இந்த ரயிலைப் பற்றிக் கவித்துவமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது முறையன்று. அண்மை ஆண்டுகளில் புறநகர் இருப்புப்பாதைகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்து வந்துள்ளனர். தண்டவாளத்தைக் கடப்பதும், கூட்டத்தில் வாயிற்படியில் தொங்கிச் சென்று விழுவதும் பெருங்காரணங்கள். 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன வண்டிகளின் கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன, கட்டணம் கூடுதல்தான். 2025 அக்டோபரில் ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை முழுமையாகத் திறக்கப்பட்ட சுரங்க மெட்ரோவும் தெற்கு நோக்கிச் செல்வோருக்கு மாற்றுவழி ஒன்றைத் தந்திருக்கிறது. மும்பைக்கு வேலைக்குச் செல்லும் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் பெற்றோர், முதல் வகுப்புக்கோ குளிர்சாதன வண்டிக்கோ மாதப் பயணச்சீட்டு வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினால் அதை ஆடம்பரம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒரு வண்டி போனால் நான்கு நிமிடத்தில் இன்னொன்று வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம்.

ஜூன் இரண்டாம் வாரம் மழை தொடங்கினால் நான்கு மாதம். சுற்றுலா வருவோருக்கு மரைன் டிரைவின் அலைகள் அழகு. குடியிருப்பவர் நாளிதழில் இரண்டு எண்களைத் தேடுகிறார். ஒன்று, நகருக்குக் குடிநீர் தரும் ஏழு ஏரிகளின் கொள்ளளவு. மற்றொன்று, கடலேற்றத்தின் உயரம். கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் வேளையில் கனமழையும் சேர்ந்துகொண்டால், கடலை நோக்கிச் செல்லும் வடிகால்கள் வழியே நீர் வெளியேற இயலாது. தாதரின் ஹிந்த்மாதாவும் கிங்ஸ் சர்க்கிளும் குளமாகும். குர்லாவுக்கும் சயானுக்கும் இடையே வண்டிகள் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று பணியில் இருந்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்: இடுப்பளவு நீரில் வீடு நோக்கி நடந்தவர்களுக்கு வழியெங்கும் குடிசைப் பகுதி மக்கள் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், முன்பின் அறியாதவர்களைத் தங்கள் வீட்டில் படுக்கவைத்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் வாழ்பவர்கள் இடமில்லை என்று சொல்லவில்லை. இந்நகரத்தைப் பற்றிய எங்கள் மதிப்பு உயர்ந்ததற்குக் காரணம் உயரமான கட்டடங்கள் அல்ல.

மழைக்காலத்தின் சிறு தொல்லைகளை அனுபவித்தே அறிய வேண்டும். துணி காயாது, தோல் பைகளில் பூஞ்சணம் பூக்கும், அலமாரியில் வைத்த பத்திரங்கள் நமத்துப்போகும். பத்திரங்களுக்கு நல்ல இடம் எது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு மும்பை அயலூர் அன்று. மாட்டுங்காவில் 1942-இல் தொடங்கிய ராமா நாயக்கின் உடுப்பி உணவகத்தில் இன்றும் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது. கிழக்கு மாட்டுங்காவின் கடைகளில் மல்லிகைச் சரமும் வாழைப்பூவும் காப்பிப்பொடியும் வாங்கலாம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இலேயே அங்கே உருவாயிற்று. செம்பூர் சேடா நகரில் முருகன் குன்றேறி நிற்பதுபோல் உயரத்தில் கோயில் கொண்டிருக்கிறான். அம்மா எங்களோடு இருந்த மாதங்களில் அவருக்குப் பேச்சுத்துணை கிடைத்த ஒரே இடம் அது. இவர்களைவிட அதிகம் பேசப்படாதவர்கள் தாராவித் தமிழர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கின்றனர். விடியலில் மிதிவண்டியில் இட்லிப் பாத்திரத்தை வைத்து, ஒலிப்பானை அமுக்கிக்கொண்டு நகரமெங்கும் செல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்து கிளம்புகிறவர்களே. மும்பை மாநகராட்சிப் பள்ளிகளின் பயிற்றுமொழிகள் எட்டு. அவற்றுள் தமிழும் ஒன்று. கூடவே, 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக அங்கே எழுந்த முழக்கங்களையும் மூத்த தமிழர்கள் மறக்கவில்லை.

ஆகவே மராத்தி கற்பது நல்லது. அச்சத்தினால் சொல்லவில்லை. எங்கள் கிளையின் முகப்பில் ஓய்வூதியம் பெற வந்த முதியவர்கள், மூன்று சொல் மராத்தி பேசியதும் முகம் மலர்ந்து முப்பது சொல் பேசுவார்கள். இந்தியை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். ஆனால் அது விருந்தினரின் மொழி.

அண்மையில் எங்கள் கிளையில் பணியாற்றும் இளைஞர் ஒருவருக்கு மும்பைக்கு மாறுதல் வந்தது. மணமானவர்; ஒரு குழந்தை; தாய் தந்தையர் உடன் இருக்கின்றனர். வீடு எங்கே பார்ப்பது என்று கேட்டார். எங்கள் கணக்கையும் டோம்பிவிலி நண்பரின் கணக்கையும் அவரிடம் விரித்து வைத்தோம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு டோம்பிவிலியிலிருந்தும், மறுநாள் அதே நேரத்தில் செம்பூரிலிருந்தும் ரயிலேறிப் பார்க்கச் சொன்னோம். பெற்றோரையும் அழைத்துச் சென்று இரண்டு வீடுகளிலும் ஒரு மாலைப் பொழுது உட்காரச் சொன்னோம். இரண்டு வாரமாகிறது. இரண்டு ரயிலிலும் சென்றுவிட்டாராம். அப்பாவுக்குச் செம்பூரும் அம்மாவுக்கு டோம்பிவிலியும் பிடித்திருப்பதாக நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். இன்னும் கையெழுத்திடவில்லை.